இரண்டு வீடு தள்ளி செல்போன் டவர்: தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்த ஒரு குடியிருப்பில் எங்களுடையது தரைத்தளம் மட்டுமே உள்ள ஓட்டு வீடு. எங்களிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் சென்ற தை மாதம் செல்போன் டவர் ஒன்றை நிறுவினார்கள். அதன் பிறகு அம்மாவுக்கு இரவில் சரியான உறக்கம் இல்லை. விடியற்காலையில் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வாசல் தெளிக்கிறார். தங்கை தலைப்பிரசவத்துக்காக அடுத்த மாதம் வர வேண்டியவள். டவர் கதிர்வீச்சு கருவைப் பாதிக்கும் என்று தெருவில் பேசிக்கொள்வது எப்படியோ சம்பந்தி வீட்டுக்கும் எட்டி, அவளை அனுப்பத் தயங்குகிறார்கள்.

2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கதிர்வீச்சைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது என்றும், 2017இல் குவாலியரில் ஒரு டவரை நிறுத்த உச்ச நீதிமன்றமே ஆணையிட்டது என்றும் படித்தேன். இந்த மின்காந்த மாசைப் பற்றி நன்கு அறிந்தவர்கள், அச்சமூட்டாமலும் மழுப்பாமலும் உண்மையைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: அலைவரிசை

ஐயா, டவர்களில் ஆன்டெனா பொருத்தும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். டவர் எத்தனை வீடு தள்ளி இருக்கிறது என்பதைவிட, ஆன்டெனாவின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது, அதற்கு நேர் எதிரே அதே மட்டத்தில் யாருடைய சன்னல் இருக்கிறது என்பதையே முதலில் பாருங்கள். ஆளுயரப் பலகை போல நிற்பவைதான் செல்போனோடு பேசும் ஆன்டெனாக்கள். முரசு போல வட்டமாக இருப்பவற்றைக் கண்டுதான் மக்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். அவை ஒரு டவரிலிருந்து மற்றொரு டவருக்குக் குறுகிய கற்றையில் தகவல் அனுப்புபவை. பலகை ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை, கலங்கரை விளக்கின் ஒளியைப் போல ஏறக்குறைய கிடைமட்டமாகச் செல்வதால், அடியில் இருக்கும் ஓட்டு வீட்டுக்கு அதில் மிகச் சிறு பங்கே வந்து சேரும்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 20 வாட் திறனை ஆன்டெனா 50 மடங்கு குவித்து அனுப்புவதாகக் கொண்டால், கற்றைக்கு நேர் எதிரே 30 மீட்டரில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.09 வாட்டும், 100 மீட்டரில் 0.008 வாட்டும் இருக்கும். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் நடப்பில் உள்ள வரம்பு 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 0.45 வாட், 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 0.9 வாட், இது பன்னாட்டு வழிகாட்டுதலில் அப்போது இருந்த அளவின் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அதே கணக்கின்படி 10 மீட்டரில் 0.8 வாட் வந்துவிடுகிறது. ஆகவே, டவரால் எவருக்கும் எந்தக் கேடும் இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஆன்டெனா ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அதன் முகத்துக்கு நேரே அதே உயரத்தில் 20 மீட்டருக்குள் வீடு இருக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்துகிறது. ஆன்டெனாக்கள் கூடக் கூட இந்த இடைவெளியும் கூட வேண்டும்.

துறையின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் உங்கள் பகுதி டவரின் விவரத்தைப் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், கருவியோடு வந்து அளந்து காட்டுவார்கள்.

பதில் 2: மகப்பேறு மருத்துவர்

தங்கையைப் பற்றிய கவலைக்கு முதலில் பதில் சொல்கிறேன். கருவுற்ற காலத்தில் தாய் டவருக்கு அருகில் வசித்ததற்கும் குழந்தைக்கு இளம் வயதில் புற்றுநோய் வருவதற்கும் தொடர்பு உண்டா என்பதை பிரிட்டனில் 1,397 நோயுற்ற குழந்தைகளையும் 5,588 மற்றக் குழந்தைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். தொடர்பு எதுவும் தென்படவில்லை. நீங்கள் குறிப்பிடும் 2011ஆம் ஆண்டு வகைப்பாடு ‘2பி’, அதாவது ‘புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்’ எனப்படும் பிரிவு. அது சான்றின் வலிமையைக் குறிக்குமே தவிர, ஆபத்தின் அளவைக் குறிக்காது. கற்றாழையின் முழு இலைச் சாறும் பின்னர் அதே பிரிவில்தான் வைக்கப்பட்டது. 2011 முடிவுக்கு அடிப்படையாக இருந்தவை பெரும்பாலும் கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்துப் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள். குவாலியர் ஆணையும் அந்த ஒரு டவரைப் பற்றியது.

அம்மாவின் தலைவலியை நான் கற்பனை என்று சொல்லவே மாட்டேன், அது உண்மையான வலி. ஆனால் டவரின் மேல் பழியைப் போட்டுவிட்டு இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். உறக்கம் எந்த மணிக்குக் கலைகிறது, அப்போது வெளியே என்ன சத்தம் கேட்கிறது என்பதை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பதில் 3: தெற்குத் தெரு

மருத்துவர் அம்மா கவனிக்கச் சொன்ன அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் நானும் எழுத வந்தேன். எங்கள் தெருவில் டவர் வந்தபோது நாங்களும் கதிர்வீச்சைப் பற்றியே ஓராண்டு பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் எங்களை வாட்டியது டவரோடு வந்த டீசல் ஜெனரேட்டர். நள்ளிரவில் மின்சாரம் நின்றதும் அது உறுமத் தொடங்கும். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். புகை நேராகச் சமையலறைக்குள் வரும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதைச் சுட்டிக்காட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்து, நான்கு மாதம் நடையாய் நடந்த பிறகுதான் ஒலித்தடுப்புக் கூண்டு போட்டு, புகைக்குழாயையும் உயர்த்தினார்கள். உங்கள் டவருக்கு ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறார்கள்? கட்டடத்தின் உறுதிச் சான்றிதழையும் மறக்காமல் கேளுங்கள்.

காவிரிக்கரை மீண்டும்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜெனரேட்டர் எங்கள் கொல்லைப்புறச் சுவரை ஒட்டிய சந்தில்தான் நிற்கிறது. அம்மா படுப்பது கொல்லைப்புற அறையில். நேற்று கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்றிவிட்டு, நோட்டிலும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். இந்தப் பதில்களை மாப்பிள்ளைக்கும் அனுப்பிவிட்டேன்.

மாலையில் தெருவில் நின்று ஆன்டெனாக்களைப் பார்த்தேன். மூன்று பலகைகளில் ஒன்று, தெருவுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய இரண்டாவது மாடியை நேராகப் பார்த்தபடி இருக்கிறது. இடைவெளியைக் காலடியால் அளந்ததில் 15 மீட்டர்கூடத் தேறவில்லை. அங்கே ஒரு குடும்பம் பள்ளி செல்லும் பிள்ளைகளோடு வாடகைக்கு இருக்கிறது. டவரைப் பற்றிய கூட்டங்களுக்கு அவர்களை நாங்கள் அழைத்ததே இல்லை. அளவீட்டுக்கான விண்ணப்பத்தை அவர்களுடைய சன்னலைக் குறிப்பிட்டே கொடுக்கலாம் என்று இன்று அவர்களிடம் பேசியிருக்கிறேன். கட்டணத்தைத் தெருவே பகிர்ந்துகொள்ளும்.