கிம்பர்லைட்டும் கார்பனடைட்டும் ஒரே தாய்க்குழம்பிலிருந்து வந்தவையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கார்பனடைட் என்பது பெரும்பாலும் கார்பனேட் கனிமங்களாலான தீப்பாறை; கிம்பர்லைட் என்பது பெரும் ஆழத்திலிருந்து வரும், சில வேளை வைரம் தாங்கிய, மக்னீசியம் மிகுந்த தீப்பாறை. மேற்குக் கிரீன்லாந்தின் சார்ஃபார்டோக் பகுதியில், ஏறத்தாழ 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கார்பனடைட்டும் கிம்பர்லைட் வகை டைக்குகளும், அதாவது பாறைப் பிளவுகளில் ஏறி உறைந்த குழம்புத் தகடுகளும் (இவற்றுள் பலவற்றை இப்போது எய்லிக்கைட் என்ற, கிம்பர்லைட்டை ஒத்த வேறொரு பாறையாகவே வகைப்படுத்துகிறார்கள்) அருகருகே தோன்றியுள்ளன.

டால்டனும் பிரஸ்னலும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, 6 கிகாபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது சுமார் 180 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய நிலையில், கார்பனேட் கலந்த கவசப் பாறை (புவியோட்டுக்குக் கீழுள்ள மேன்டில் பாறை) உருகத் தொடங்கும்போது கார்பனடைட் குழம்பும், வெப்பம் சிறிது கூடியதும் படிப்படியாகக் கிம்பர்லைட்டை ஒத்த குழம்பும் உருவாவதைக் காட்டியது. ஆனால் ஆய்வுக்கூட எளிமை களத்தில் இல்லை. கிம்பர்லைட் மாதிரியில் உள்ள ஒலிவின் என்ற மக்னீசியம் மிகுந்த கனிமத்தில் பெரும்பகுதி குழம்பு வரும் வழியில் அள்ளி வந்ததாகையால், மொத்தப் பாறையின் மக்னீசியமும் நிக்கலும் மூலக்குழம்பின் அளவைக் காட்டுவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. அந்த அந்நிய ஒலிவினை நீங்கள் எம்முறையில் கழித்துக் கணக்கிடுகிறீர்கள்? கார்பனடைட்டுகளில் நியோபியம் மிகுந்திருக்க, சிர்கோனியமும் ஹாஃப்னியமும் குறைந்து காணப்படுவதை மூலத்தின் அடையாளமாகக் கொள்ளலாமா, அல்லது பின்னர் நிகழ்ந்த படிகப் பிரிவின் (குழம்பு குளிரும்போது தோன்றும் படிகங்கள் அதைவிட்டுப் பிரிவதன்) விளைவு என்றே கருத வேண்டுமா? ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் ஐசோடோப்பு விகிதங்கள் ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவை முடிவுசெய்ய எனக்குத் தயக்கமாக உள்ளது. இத்தகைய மாதிரிகளைக் கையாண்டவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.