எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் குடி: பார்த்ததை எழுதுங்க

எமர்ஜென்சி நர்ஸ், காட்பாடி:
எடை குறைய வயித்துல பைபாஸ் (இரைப்பையை சின்ன பையா ஆக்கி நேரா சிறுகுடல்ல இணைக்கிற ஆபரேஷன்) முடிஞ்சு பதினாலு மாசம். குடியாத்தத்துல கல்யாணம். பந்திக்கு முன்னாடி, வெறும் வயித்துல குடிச்சுட்டு பைக்கை எடுத்தவர் மண்டப வாசல்லயே சாய்ஞ்சுட்டார். "ஒரே ஒரு கட்டிங்தான் சிஸ்டர் ஊத்திக்கினாரு, முன்னெல்லாம் ரெண்டு குவார்ட்டர் அடிச்சாலும் நிப்பாரு"ன்னு அவர் மனைவி சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கூட வந்தவங்க நம்பல. அந்தம்மா சொன்னது நிஜம். வாடை அடிச்சதால 'போதை, தூங்கட்டும்'னு ஒரு மணி நேரம் மண்டபத்து ரூம்ல படுக்க வெச்சிருக்காங்க. இங்க வந்து விரல்ல குத்திப் பார்த்தா சுகர் 48, ரொம்ப இறங்கியிருக்கு.

டயட்டீசியன், சத்துவாச்சாரி:
அந்தம்மா பேச்சை நம்பணும். கட்டிங்னா 90 மில்லி. நம்ம ஊர் சரக்கு 42.8 சதவீதம், அதுல சுத்த ஆல்கஹால் கிட்டத்தட்ட 30 கிராம். பைபாஸ்ல மிஞ்சுற பை 30 மில்லிதான் பிடிக்கும். சரக்கு அங்க நிக்காம நேரா சிறுகுடலுக்கு இறங்கிடும், பத்து நிமிஷத்துக்குள்ள ரத்தத்துல உச்சம். அதுவும் முன்ன இருந்ததைப்போல சுமார் ரெண்டு மடங்கு. வெறும் வயித்துல குடிச்சா கல்லீரல் புதுசா சர்க்கரை செய்யறதையும் ஆல்கஹால் தடுத்துடும், அந்த 48 அப்படி வந்ததுதான்.

எனக்கு மறக்காதது ஒரு டைரி. எடை இறங்கறது நின்னுபோன ஒருத்தரோட சாப்பாட்டு டைரியில தினமும் ராத்திரி ஏழரைக்கு 'மோர் 200'. மூணு மாசம், ஒரு நாள் தப்பல. மோர் இல்லைங்க அது. ஒரு கட்டிங்ல 210 கலோரி.

கவுன்சிலர், ராணிப்பேட்டை:
சாப்பாட்டு ஆசை குடியா மாறிடுச்சுன்னு எல்லா திரியிலயும் எழுதறாங்க, அது முழு விளக்கம் இல்ல. அப்படின்னா வயித்துல பேண்டு (இரைப்பையை இறுக்கிப் பிடிக்கிற பட்டை) போட்டவங்களுக்கும் அதே அளவு கூடியிருக்கணும். 2012ல வந்த அமெரிக்க ஆய்வுல குடிநோய் ஆபரேஷனுக்கு முன்னாடி 7.6 சதவீதம், ரெண்டாம் வருஷம் 9.6. பேண்டு போட்டவங்களைவிட பைபாஸ் செஞ்சவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஸ்லீவ்னா (இரைப்பையோட பெரும்பகுதியை வெட்டி எடுத்து குழாய் மாதிரி ஆக்கறது) பயமில்லன்னும் நினைக்காதீங்க, ஸ்லீவ் செஞ்ச பெண்களுக்கும் சரக்கு வேகமா ஏறறதை அளந்திருக்காங்க. முதல் வருஷம் குடிக்காம இருக்கிற பலருக்கு, செக்கப்புக்கு வர்றது நின்ன பிறகு தொடங்கலாம். அதனால ரெண்டாம் வருஷம் 'குடிக்கிறீங்களா'ன்னு கேட்காதீங்க, 'வாரத்துல எத்தனை நாள், எத்தனை கட்டிங்'னு கேளுங்க.

குடிநோய் வார்டு, வேலூர்:
காட்பாடி சிஸ்டர், 48க்கு குளுக்கோஸ் மட்டுமா ஏத்தினீங்க? ஆம்பூர் தோல் ஷெட்ல வேலை செய்யறவர், பைபாஸ் ஆகி மூணு மாசம், ரெண்டு வாரமா வாந்தி. காலை அகட்டி வெச்சு, சுவத்தைப் பிடிச்சுட்டே வந்தார், கண்ணுமணி ரெண்டும் பக்கவாட்டுல துடிக்குது. 'ஃபுல் போதை'ன்னாங்க. அவர் குடிச்சு நாலு நாள் ஆச்சு. வைட்டமின் பி1 தீர்ந்துபோன மூளை அது. நரம்பு வழியா பி1 கொடுத்ததும் மறுநாளே கண்ணு நின்னுது, நடை திரும்ப மாசக்கணக்காச்சு.

ஆபரேஷன் ஆனவர் குடிச்சுட்டு வந்தா பி1 ஊசியை குளுக்கோஸுக்கு முன்னாடியோ கூடவேவோ போடுங்க. ஆனா சுகர் விழுந்திருக்கும்போது பி1க்காக குளுக்கோஸைத் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரை வேலைக்கு ஆகாது, வாந்தியில போயிடும், மிச்சத்தையும் அந்தக் குடல் சரியா உறிஞ்சாது. தினம் குடிக்கிறவரை 'இன்னையோட விடு'ன்னு வீட்டுல பூட்டி வைக்காதீங்க, ஆறு மணி நேரத்துலேர்ந்து ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். கை நடுங்கினாலே அட்மிஷன். தலைவலிக்கு புரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பீடியும் வேண்டாம்: குடலைத் தெச்ச இடத்துல புண் வந்து ரத்தம் கசியும். வீட்டுக்காரங்க போதை மீட்பு உதவி எண் 14446க்கு போன் பண்ணலாம், காசு இல்ல.

எமர்ஜென்சி நர்ஸ், காட்பாடி:
பி1 கூடவே போட்டோம். அவருக்கு அடுத்த செக்கப் வெள்ளிக்கிழமை. எத்தனை கட்டிங்னு கேக்கச் சொல்லி கேஸ் ஷீட்ல எழுதியிருக்கேன்.