மறு: மறு: கலைச்சொல் – ‘கிரெம் புருலே’வில் எரிவது எது?

(கோவையிலிருந்து)

வணக்கம். சமையற் சொற்பட்டியலில் இனிப்புப் பிரிவு முடியும் தறுவாயில் இருக்கிறது. மேலே சீனியை உருக்கி முறுகவிட்ட பிரெஞ்சு இனிப்பான ‘கிரெம் புருலே’ ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது. வரைவில் ‘எரித்த பாலேடு’ என்று போட்டிருக்கிறேன். கிரெம் என்றால் பாலேடு, புருலே என்றால் எரிந்தது. மறுப்பு இல்லையென்றால் ஏற்றிவிடலாம். ஜூலை 27-ஐ இந்தப் பண்டத்துக்கென்றே அமெரிக்காவில் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன் முடித்தால் நல்லது.

(புதுச்சேரியிலிருந்து)

> கிரெம் என்றால் பாலேடு, புருலே என்றால் எரிந்தது

மறுப்பு இருக்கிறது ஐயா, இரண்டு சொல்லுக்குமே.

பிரெஞ்சு அடுக்களையில் ‘கிரெம்’ பாலேட்டையும் குறிக்கும், முட்டைக்கருவைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சும் பண்டங்களையும் குறிக்கும். ஊற்றும் பதத்திலேயே நிற்பது கிரெம் ஆங்கிலேஸ். மாவு சேர்த்து அடுப்பில் கிண்டுவது கிரெம் பாத்திசியேர். இவ்விரண்டையும் வெறும் பாலில்தான் பெரும்பாலும் செய்வார்கள். பெயரில் உள்ள ‘கிரெம்’ நாம் கஸ்டர்ட் என்று சொல்லும் பொருளில் வருவது.

நம் பண்டத்துக்கே முதலில் பாலேடு தேவைப்படவில்லை. பிரான்சுவா மசியலோ 1691-இல் அச்சிட்ட சமையல் நூலில் ‘கிரெம் புருலே’ இருக்கிறது. நான்கைந்து மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை மாவு, ஏறக்குறைய அரை லிட்டர் பால், ஒரு துண்டு பட்டை, பச்சை எலுமிச்சைத் தோல். அடுப்பில் காய்ச்சித் தட்டில் இறக்கி, மேலே நிறையச் சீனி தூவி, நெருப்பு அள்ளும் அடுப்பு வாரியைச் சிவக்கக் காய்ச்சி அதன் மேல் காட்டச் சொல்கிறார். எதுவரை? அழகான பொன்னிறம் வரும்வரை. எரிவது மேலே தூவிய சீனி. அதுவும் பொன்னிறத்தோடு நிற்க வேண்டும். ‘எரித்த பாலேடு’ என்று படிப்பவர் பாலை அடிப்பிடிக்க விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

(நாகர்கோவிலிலிருந்து)

எரிதல், கருகுதல், தீய்தல் மூன்றும் நம் சமையலறையில் பழுதைச் சொல்லும் சொற்கள். ‘காந்தல்’ பானையின் அடியில் ஒட்டியது. விலக்கு ஒன்றே ஒன்று: எங்கள் ஊர்த் தீயல். தேங்காயைக் கருஞ்சிவப்பாக வறுத்து அரைத்த குழம்பு அது. தீய்வதற்கு ஒரு நொடி முன் இறக்கும் பக்குவமே பெயராகிவிட்டது. மசியலோ சொன்ன பொன்னிறமும் அப்படிப்பட்ட ஒரு நொடிதான். ஆனால் ‘பால் தீயல்’ என்று பெயர் வைத்தால் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

என் முன்மொழிவு ‘முறுகல்’. முறுகல் தோசை என்றால் நிறமும் மொறுமொறுப்பும் ஒன்றாக நினைவுக்கு வரும், குறை சொல்லும் தொனியும் இல்லை. கரண்டியால் தட்டினால் ‘டக்’ என்று உடைகிற அந்த மேலோட்டுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

(யாழ்ப்பாணத்திலிருந்து)

முறுகலுக்கு என் ஆதரவு. அதன் முன்னால் ‘சர்க்கரை’யைச் சேர்த்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கம் சர்க்கரை வேறு, சீனி வேறு. தேநீருக்குப் போடுவது சீனி. மதுரை, நெல்லைப் பக்கமும் சீனிதானே? உங்கள் சர்க்கரைப் பொங்கலிலேயே வெல்லம்தான் இருக்கிறது. வெல்லத்தை இதன் மேல் தூவ முடியாது. வெல்லத்தில் ஈரம் கூட, உருகி முறுகுவதற்குள் கருகிவிடும். ஆகவே ‘சீனி’ என்பது வட்டார விருப்பம் மட்டும் இல்லை, செய்முறையே கேட்கிற சொல்.

‘பாகு’ம் வேண்டாம். பாகு என்றால் தண்ணீர் விட்டுக் காய்ச்சுவது. இங்கே உலர்ந்த சீனி நேரே நெருப்பில் உருகுகிறது.

(புதுச்சேரியிலிருந்து)

ஒரு திருத்தம். பிரான்சில் ‘கசோனாட்’ என்ற பழுப்புக் கரும்புச் சீனியைத் தூவுவோர் நிறைய. ஆனால் அதுவும் மணல்போல் உதிரும் சீனிதான், கட்டி வெல்லம் இல்லை. உங்கள் சொல் நிற்கிறது.

(சென்னையிலிருந்து)

பேக்கரிப் பயிற்சி வகுப்புக்குப் பாடம் எழுதுபவன் என்ற முறையில் கஸ்டர்ட் பகுதிக்கு ஒரு சொல் தருகிறேன்: ‘உறையல்’. பொரியல், வறுவல், மசியல், துவையல் என்று செய்கையிலிருந்து பண்டத்துக்குப் பெயர் வைப்பது நம் வழக்கம். இங்கே செய்கை உறைதல். கெட்டுப்போனால் சொல்ல ‘திரிதல்’ தயாராக இருக்கிறது. உறைந்தது, திரிந்தது: பாதிப் பாடம் இந்த இரண்டு சொல்லில் முடிந்துவிடும். எப்படி என்று பாருங்கள்.

அளவு: 35 விழுக்காடு கொழுப்புள்ள பாலேடு 500 மி.லி., மஞ்சள் கரு 6 (சுமார் 100 கிராம்), சீனி 80 கிராம், வனிலா காய் 1, உப்பு ஒரு சிட்டிகை. 10 செ.மீ. அகலமுள்ள, ஆழம் குறைந்த 5 கிண்ணங்களுக்கு வரும். ஆழக் கிண்ணம் வேண்டாம். முறுகலின் பரப்பு குறைந்துபோகும், நடு உறைவதற்குள் ஓரம் திரியும்.

கருவில் சீனியைக் கொட்டியதும் கலக்க வேண்டும். அப்படியே விட்டால் சீனி கருவின் நீரை இழுத்துக்கொள்ளும்; கரையாத மஞ்சள் கட்டிகள் விழும். நுரை வரும்படி அடிக்கக் கூடாது, நுரை மேலே காய்ந்து குழிகுழியான தோலாகும். வனிலாவோடு சூடாக்கிய பாலேட்டை முதலில் ஒரு கரண்டி, பிறகு மெல்லிய தாரையாக விட்டுக் கலக்கி, வடிகட்டி, மிதக்கும் நுரையை வழித்தெடுங்கள்.

ஆழமான தட்டில் துணி விரித்துக் கிண்ணங்களை வைத்து, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் 30 முதல் 40 நிமிடம். ஓவன் எவ்வளவு சூடாக இருந்தாலும் சுற்றியுள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஆவியாகிக்கொண்டிருப்பதால் அதற்கும் கீழேயே நிற்கும். அது கிண்ணத்தின் ஓரத்தைக் காக்கிறது. நடுப்பகுதி 77 முதல் 80 டிகிரிக்குள் உறைந்துவிடும். 85-ஐத் தாண்டினால் முட்டைப் புரதம் இறுகித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். வெட்டிப் பார்த்தால் பஞ்சுபோல் ஓட்டை. அதுதான் திரிந்தது. தட்டி அசைக்கும்போது ஓரம் நின்று, நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவு ததும்ப வேண்டும். அந்த நிலையிலேயே எடுங்கள், மிச்சத்தை உள்சூடு பார்த்துக்கொள்ளும். முழுக்க உறையட்டும் என்று காத்திருந்தவர்கள்தான் திரியவிட்டவர்கள்.

ஆறியபின் குளிர்பெட்டியில் குறைந்தது 4 மணி நேரம். வெளியே எடுத்ததும் மேலே வேர்த்திருந்தால் தாளால் ஒற்றியெடுங்கள். ஈரத்தில் சீனி கரைந்துவிடும். கிண்ணத்துக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி, இரண்டு தவணையாக. முதலில் பாதியைத் தூவி உருக்கி, மீதியை அதன் மேல். ஒரே தடவையில் போட்டால் மேலே கருகும், அடியில் மணலாக நெறிபடும். டார்ச்சை (தீச்சுடர் வீசும் சமையலறைக் கருவி) ஒரு விரல் நீளம் தள்ளிப் பிடித்து வட்டமாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சீனி 160 டிகிரிக்கு மேல்தான் நிறம் மாறத் தொடங்கும், தொடங்கியபின் பொன்னிறத்துக்கும் கசப்புக்கும் நடுவே சில நொடிதான். இரண்டு நிமிடம் ஆறவிட்டால் கண்ணாடியாகிவிடும்.

உடனே பரிமாற வேண்டும். முறுகியபின் குளிர்பெட்டிக்குள் திரும்ப வைத்தால் முறுகல் ஈரத்தை உறிஞ்சிப் பாகாகிவிடும். யாழ்ப்பாண நண்பர் தள்ளிவைத்த பாகு அப்போது தானாக வந்து சேரும்!

(யாழ்ப்பாணத்திலிருந்து)

‘உறையல்’ நன்றாக இருக்கிறது. எங்கள் வட்டிலப்பத்தையும் அந்த வகையில் சேர்க்கலாம்: முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் வெல்லம், ஆவியில் வேகிறது. உறைவதும் திரிவதும் அங்கேயும் இதே கணக்குத்தான்.

(கோவையிலிருந்து)

‘உறை’ என்றால் மூடியும் ஆகுமே, குழம்பாதா? ‘உறையல்’ என்று வரும்போது அந்தப் பொருள் தோன்றவில்லை என்பது என் காதுக்கு. கிரெம் கேரமலுக்கு என்ன செய்வது? அதிலும் முட்டை, பால், கருக்கிய சீனி எல்லாம் இருக்கிறதே.

(புதுச்சேரியிலிருந்து)

அங்கே சீனியின் வேலை நேர்மாறு. உருக்கிய சீனியைக் கிண்ணத்தின் அடியில் ஊற்றி, மேலே கலவையை ஊற்றி வேகவைக்கிறோம். ஈரத்தில் அது கரைந்து பாகாக வேண்டும், கரையாவிட்டால்தான் பிழை. அதன் இன்னொரு பிரெஞ்சுப் பெயர் ‘கிரெம் ரான்வெர்செ’, கவிழ்த்தது என்று பொருள். ‘கவிழ் உறையல்’ எனலாம். ஸ்பெயினின் ‘கிரெமா கத்தலானா’ பாலும் சோளமாவும் சேர்த்து அடுப்பில் கிண்டுவது, எலுமிச்சைத் தோலும் பட்டையும் போட்டது. மசியலோவின் பண்டத்துக்கு இன்றைய பிரெஞ்சு வடிவத்தைவிட அதுவே நெருக்கம். மேலே சீனிமுறுகல் என்பதால் அதே தலைப்பின் கீழ் ‘கத்தலான்’ என்று அடைகொடுத்தால் போதும்.

உணவக அட்டைக்கு ஒலிபெயர்ப்பு இருக்கட்டும். அதில் ‘க்ரீம் ப்ரூலி’ மட்டும் வேண்டாம், பாதி ஆங்கிலம், பாதி எதுவுமில்லை. சொல்லின் முதலில் மெய் வராமல் ‘கிரெம் புருலே’.

(கோவையிலிருந்து)

ஏற்றிவிட்டேன்:

சீனிமுறுகல் உறையல் (பெ.) – முட்டைக்கருவும் பாலேடும் சேர்த்து வெந்நீர்த் தட்டில் உறையவைத்துக் குளிர்வித்து, மேலே தூவிய சீனியை நெருப்பில் முறுகவிட்டுப் பரிமாறும் பிரெஞ்சு இனிப்பு. ஒ.பெ.: கிரெம் புருலே. காண்க: கவிழ் உறையல், வட்டிலப்பம்.

‘வெந்நீர்த் தட்டு’ நானே போட்டது. ‘நீர்க்குளியல்’ என்று முன்பு இருந்ததை எடுத்துவிட்டேன், கிண்ணத்துக்கு யார் எண்ணெய் தேய்த்துவிடுவது? டார்ச்சுக்கு மட்டும் இன்னும் சொல் இல்லை. பொற்கொல்லரின் ‘ஊதுகுழல்’ ஆகுமா, ‘தீக்குழல்’ என்று புதிதாக வைப்பதா?

(நாகர்கோவிலிலிருந்து)

ஊதுகுழலில் வாயால் ஊத வேண்டும். தீக்குழல்.