சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு: முறையாக எங்கே படிக்கலாம்?

வணக்கம். கோத்தகிரியில் ஒரு சிறிய ஆலோசனை அலுவலகத்தில் வேலை செய்கிறேன், படித்தது தாவரவியல். சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம் ஏற்றுவது, ஜூன் 1, டிசம்பர் 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை அனுமதியின் நிபந்தனைகளைப் பின்பற்றுவது பற்றிய இணக்க அறிக்கை அனுப்புவது எல்லாம் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டேன். ஆனால் மதிப்பீடு செய்வதை யாரும் எனக்கு முறையாகச் சொல்லித்தரவில்லை.

திட்டம் வருவதற்கு முன் அந்த இடம் இருக்கும் நிலையைக் காட்டும் அடிப்படைத் தரவை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்பதுதான் பொதுவான நடைமுறை. எங்கள் பக்கம் பெருமழை வருவதோ வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை உயிர்கள் போயின என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஏப்ரலில் போய் அளந்தால் ஓடையே வறண்டு கிடக்கும், சரிவு எப்படித் தெரியும்? வேறு என்ன தரவு கேட்கலாம், அதை அறிக்கையில் எப்படி எழுதலாம்? இது தெரியாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

இந்த மதிப்பீட்டுக்கான 2006 மத்திய அரசு அறிவிக்கை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, நம் ஊர் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) விதிகள் மூன்றையும் சேர்த்து, களத்துக்குக் கூட்டிப்போய்க் கற்றுத்தரும் பயிற்சி ஏதாவது தெரியுமா? கோயம்புத்தூர் என்றாலும் சரி, சனி ஞாயிறு வகுப்பாக இருந்தால் நல்லது. அப்புறம், மதிப்பீட்டு ஆலோசகர்களுக்கான நாபெட் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு கள அனுபவம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். மலைப்பகுதியில் வேலை செய்த அண்ணன்கள், அக்காக்கள் யாராவது பத்து நிமிடம் பேசினாலும் பேருதவி.