ஆப்ல 742, வங்கில 688: எதை நம்புறது?

வீடுதேடி: அவசரம். ஆப்ல என் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காக் கட்டுவோமான்னு காட்டுற நம்பர்) 742. லோன் கேட்டா 688ங்கறாங்க. ரெண்டும் இந்த வாரம் பார்த்ததுதான். என் பேர்ல யாராவது கடன் வாங்கிட்டாங்களா? சீக்கிரம் சொல்லுங்க, வட்டி ஏறிடும்போல இருக்கு.

கருங்குயில்: எந்த நாடுங்க? இந்தியாவோட சிபில் ஸ்கோரா? என்ன லோன்? ஆப்ல ஸ்கோருக்குக் கீழே பொடி எழுத்துல ஒரு பேர் இருக்கும், அதையும் பார்த்துச் சொல்லுங்க.

செல்வம்77: நீங்க அடிக்கடி ஸ்கோர் பார்த்ததாலதான் இறங்கிருச்சு. முதல்ல அந்த ஆப்பை அழிங்க.

நிலவன்: இல்லைங்க. நாமே பார்க்கிறது சாஃப்ட் என்கொயரி, அதால ஸ்கோர் அசையாது. கடன் தர்றவங்க பார்க்கிறது ஹார்ட் என்கொயரி. அதுலயும் பெரும்பாலானவங்களுக்கு 5 புள்ளிகூடக் குறையாது. 54 புள்ளிக்கு வேற காரணம் இருக்கணும்.

கணக்கர்: இந்த மன்றத்தில் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. எத்தனை முறை எழுதுவது? ‘என் ஸ்கோர்’ என்று ஒன்றே ஒன்று கிடையாது. அமெரிக்கா என்றால் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்களில் உங்கள் கடன் வரலாற்று ரிப்போர்ட் இருக்கும். அதை வைத்து ஃபைகோ என்ற ஸ்கோர் முறை ஒரு கணக்குப் போடும், வான்டேஜ் என்ற முறை வேறொரு கணக்குப் போடும். வான்டேஜ் அந்த மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 2006இல் கொண்டுவந்தது. இலவச ஆப்கள் பலவும் காட்டுவது அதைத்தான். வீட்டுக் கடனுக்கு வழக்கமாகப் பார்ப்பது ஃபைகோவின் பழைய பதிப்புகள்: எக்ஸ்பீரியனில் ஃபைகோ 2, டிரான்ஸ்யூனியனில் ஃபைகோ 4, ஈக்விஃபாக்ஸில் ஃபைகோ 5. வரும் மூன்று ஸ்கோரில் நடுவில் இருப்பதை எடுப்பார்கள். கார் கடனுக்கான ஃபைகோவின் அளவே வேறு, 250 முதல் 900 வரை. நாடு, கடன், ஆப் எதையும் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வீடுதேடி: சாரி. அமெரிக்காதான், வீட்டுக் கடன். ஆப்ல வான்டேஜ் 3.0ன்னு போட்டிருக்கு. கார்டு பாக்கி எதுவும் இல்ல. பழைய போன் பில் ஒண்ணு, 200 டாலர் சொச்சம், கட்டாம கலெக்ஷனுக்கு (பாக்கி வசூல் பண்றவங்ககிட்ட) போச்சு. போன வருஷமே கட்டிட்டேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

நிலவன்: அதுதாங்க விஷயமே! கட்டி முடிச்ச கலெக்ஷனை வான்டேஜ் 3.0 கண்டுக்காது. வீட்டுக் கடனுக்குப் பார்க்கிற பழைய ஃபைகோ, கட்டினாலும் அதை ஸ்கோரைக் குறைக்கிற விஷயமாத்தான் எடுத்துக்கும். ஃபைகோ 8 கூட, மூலத் தொகை 100 டாலருக்குக் கீழே இருந்தாதான் விட்டுடும். ஃபைகோ 9 வந்தப்புறம்தான் கட்டினதை ஒதுக்க ஆரம்பிச்சாங்க. ஒரே ரிப்போர்ட்டுக்கு ரெண்டு நம்பர் வர்றதுக்கு இது போதும்.

செல்வம்77: கார்டுல கொஞ்சம் பாக்கி வெச்சு மாசாமாசம் வட்டி கட்டுங்க, ஸ்கோர் தானா ஏறும்.

தேன்மொழி: தயவுசெஞ்சு இதை யாரும் செய்யாதீங்க. வட்டி கட்டினதுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஸ்டேட்மென்ட் தேதியில லிமிட்ல எவ்வளவு பயன்படுத்தியிருக்கீங்கன்னுதான் பார்ப்பாங்க. முழுசாக் கட்டுறவங்களுக்கும் நல்ல ஸ்கோர் வரும்.

செல்வம்77: அப்ப கடனே வாங்காதவங்களுக்கு ஏன் ஸ்கோரே வரமாட்டேங்குது? ஒழுங்கா வாடகை கட்டுறவனை நம்ப மாட்டாங்களாமா? என்ன நியாயம் இது?

தேன்மொழி: அந்தக் கோபம் நியாயமானதுதாங்க, எனக்கும் உண்டு. ஃபைகோவுக்கு 6 மாசமாவது ஆன ஒரு கணக்கு வேணும். வான்டேஜ் அதுக்கு முன்னாடியே நம்பர் கொடுத்துடும். வாடகை ரிப்போர்ட்ல ஏறியிருந்தா புது மாடல்கள் எடுத்துக்கும். ஆனா வீடு வாங்கப் போறப்ப பார்க்கிற பழைய ஃபைகோவுக்கு அது கண்ணுலயே படாது. வாடகையில இருக்கிறவங்கதான் வீடு வாங்கப் போறாங்க, அவங்களுக்கே இது உதவலைன்னா எப்படி?

கணக்கர்: இழை எங்கேயோ போகிறது. நியாயம் பேச வேறு இழை தொடங்குங்கள்.

கருங்குயில்: வீடுதேடி, வங்கிகிட்ட மூணு ஸ்கோரையும் தனித்தனியாக் கேட்டு வாங்குங்க. ஆன்யுவல் கிரெடிட் ரிப்போர்ட் தளத்துல மூணு ரிப்போர்ட்டையும் இலவசமா எடுத்து, தெரியாத கணக்கு ஏதாவது இருக்கான்னு பாருங்க. திருட்டுன்னா அங்கதான் தெரியும், ஸ்கோர்ல தெரியாது. கலெக்ஷன்காரங்களுக்கு அந்தப் பதிவை நீக்கச் சொல்லி எழுதிப் பாருங்க. நீக்கியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, ஆனா சிலர் செய்வாங்க. நீக்கினா ரேபிட் ரீஸ்கோர் (ரிப்போர்ட்ல ஆன மாற்றத்தை வெச்சு ஸ்கோரைச் சீக்கிரம் திரும்பக் கணக்கிடுறது) போடச் சொல்லி லோன் ஆபீசர்கிட்ட கேளுங்க.

வீடுதேடி: 671, 688, 702. நடுவுல வர்றதைத்தான் சொல்லியிருக்காங்க. தெரியாத கணக்கு எதுவும் இல்ல. கலெக்ஷனுக்கு எழுதிட்டேன். எல்லாருக்கும் நன்றி.