ஒன்ராறியோவில் கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்திடும் அனுமதிப்பத்திரம்: திருகோணமலையிலிருந்து வந்திருக்கும் கணக்கியல் பிள்ளைகளுக்கு

அன்பான தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

திருகோணமலையில் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படித்து, பின்னர் கோணேசபுரி வளாகத்தில் பட்டம் பெற்றோ ஏஏடி எனப்படும் கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் பரீட்சைகளிலோ பட்டயக் கணக்காளர் பரீட்சைகளிலோ ஓரளவு முன்னேறியோ ரொறன்ரோவுக்கு வந்து சேர்பவர்கள், இங்கே கணக்காளராவது எப்படி என்று கேட்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்குள் மூன்று வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் கட்டணம் செலுத்தத் தொடங்கினால் காலமும் பணமும் வேறு திசையில் போய்விடும் என்பதால் முதலில் அதை விளக்குகிறேன்.

கணக்கேடு எழுதுவதற்கும், சம்பளப் பட்டியல் தயாரிப்பதற்கும், தனிநபர் வருமான வரி விபரத்தைத் தயாரித்துக் கொடுப்பதற்கும் ஒன்ராறியோவில் கணக்காளர் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. பிறருடைய வரி விபரங்களை இணையவழியாக அனுப்புவதற்குக் கனடா வருமான முகவரகத்தில் பதிவு செய்தால் போதும். இரண்டாவது நிலை, ஒன்ராறியோ பட்டயத் தொழில்சார் கணக்காளர் அமைப்பு வழங்கும் சிபிஏ என்ற தகுதியாகும். மூன்றாவதுதான் இங்கே நான் சொல்ல வந்தது. ஒரு நிறுவனத்தின் நிதிக்கூற்றுகளைக் கணக்காய்வு செய்தோ, அதைவிடக் குறைந்த அளவில் சரிபார்க்கும் மீளாய்வு செய்தோ, வங்கியும் பங்குதாரரும் நம்பக்கூடிய அறிக்கையில் கையெழுத்திடுவதற்கு, 2004ஆம் ஆண்டின் பொதுக் கணக்கியல் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். சிபிஏ ஆன எல்லோருக்கும் அது தானாகக் கிடைத்துவிடாது. சிபிஏ உறுப்பினர்களில் பலர் அது இல்லாமலே நிறுவனங்களின் நிதிப் பிரிவுகளில் நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். எனவே இந்த மூன்றாவது நிலை உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்பதை முதல் ஆண்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பின்னர் தீர்மானிப்பது ஏன் கடினம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் முழு உறுப்புரிமை பெற்றவர்கள் ஒரு விடயத்தில் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, தென்னாபிரிக்கா ஆகியவற்றின் பட்டயக் கணக்காளர் அமைப்புகளுக்கும் கனடாவுக்கும் இடையே இருப்பது போன்ற பரஸ்பர அங்கீகார உடன்படிக்கை நமது நிறுவனத்துக்கு இல்லை. அதனால் எந்தப் படியிலிருந்து தொடங்க உங்களுக்கு அனுமதி உண்டு என்பதை ஒன்ராறியோ அமைப்பிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நண்பர் ஒருவருக்குக் கிடைத்த பாட விலக்கு உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அத்துடன், ஊரில் உழைத்துப் பெற்ற, பட்டயக் கணக்காளரைக் குறிக்கும் சிஏ என்ற எழுத்துகளை ஸ்காபரோவில் அச்சிடும் முகவரி அட்டையிலோ கடையின் பெயர்ப்பலகையிலோ போடுவதை 2017ஆம் ஆண்டின் ஒன்ராறியோ பட்டயத் தொழில்சார் கணக்காளர் சட்டம் தடுக்கிறது. வேலை விண்ணப்பத்தில் அதை எழுதலாம். ஆனால் அதை வழங்கிய நிறுவனம் எது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பல ஆண்டு உழைப்பை மறைத்துக்கொள்வது போல இது மனதுக்கு வருத்தம் தருவது எனக்குத் தெரியும். ஆயினும் நற்பெயரே மூலதனமான இந்தத் தொழிலில், அதே அமைப்பிடம் பின்னர் உறுப்புரிமை கேட்கப் போகும் ஒருவர் இந்த விதியை மீறக் கூடாது.

பட்டதாரிகளுக்கான பாதை இப்போது இவ்வாறு இருக்கிறது. பட்டம், பல்கலைக்கழகப் பாடங்களின் அளவைக் காட்டும் கடன்மணிக் கணக்கில் 120க்கு நிகராக மதிப்பிடப்பட வேண்டும். குறித்த கணக்கியல், வரி, சட்டப் பாடங்களில் விடுபட்டவற்றை இங்கே படித்து நிரப்ப வேண்டும். கனடிய வரியும் கனடிய வணிகச் சட்டமும் அநேகமாக எல்லோருக்கும் விடுபட்டிருக்கும். உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா மட்டும் வைத்திருப்பவர்கள், அது இங்கே பட்டமாகவே மதிப்பிடப்படும் என்று முன்கூட்டியே நம்பிவிடக் கூடாது. அதன் பின் இரண்டு மையப் பாடங்கள், இரண்டு விருப்பப் பாடங்கள், இரண்டு நிறைவுப் பாடங்கள், இறுதியில் மூன்று நாள் பரீட்சை. அனுமதிப்பத்திரத்தை நாடுபவர்களுக்கு விருப்பப் பாடங்கள் உண்மையில் விருப்பப் பாடங்கள் அல்ல. கணக்காய்வையும் வரியையுமே எடுக்க வேண்டும். இறுதிப் பரீட்சையின் இரண்டாம் நாளில் கணக்காய்வாளரின் பொறுப்பைத் தெரிவு செய்து, நிதி அறிக்கையிடலிலும் கணக்காய்விலும் ஆழமான தேர்ச்சியைக் காட்ட வேண்டும். இந்தப் பாடத்திட்டத்துக்குப் பதிலாகப் புதியதொன்று தயாராகி வருவதால், சேரும் வேளையில் எது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பில் நம்மவர்கள் அஞ்ச வேண்டியது குறைவு. இலங்கைக் கணக்கீட்டு நியமங்கள் 2012ஆம் ஆண்டு முதல் சர்வதேச நியமங்களோடு ஒன்றியே இருக்கின்றன. கனடாவில் பங்குச் சந்தையில் இடம்பெறும் நிறுவனங்களும் 2011 முதல் அதே நியமங்களைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் நீங்கள் முதலில் வேலை செய்யக்கூடிய சிறு அலுவலகங்களின் வாடிக்கையாளர்கள் தனியார் கம்பனிகளாக இருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்களுக்கென்றே வகுக்கப்பட்ட கனடிய நியமங்களைப் பின்பற்றுகின்றன. அதை நேர்காணலுக்கு முன்னரே வாசித்துவிடுங்கள்.

பலர் சறுக்கும் இடம் அனுபவம். சிபிஏ தகுதிக்கு 30 மாத நடைமுறை அனுபவம் வேண்டும். அதை ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிலோ வங்கியிலோ பெறலாம். ஆனால் அனுமதிப்பத்திரத்துக்கான அனுபவம், கணக்காய்வுப் பயிற்சிக்கு என்று அமைப்பினால் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட அலுவலகத்தில், அனுமதிப்பத்திரம் பெற்றவரின் மேற்பார்வையில் பெற்றதாக இருக்க வேண்டும். அதில் 1,250 மணித்தியாலங்கள் கணக்காய்வு, மீளாய்வு வகையைச் சேர்ந்த வேலையாகவும், அவற்றுள் 625 மணித்தியாலங்கள் நிதிக்கூற்றுகளின் கணக்காய்வாகவும் பதிவாக வேண்டும். நல்ல சம்பளத்துக்காகக் கம்பனி ஒன்றில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு அனுமதிப்பத்திரத்தை நினைப்பவர், குடும்பச் சுமையோடு மீண்டும் பயிற்சியாளர் சம்பளத்துக்கு இறங்க வேண்டியிருக்கும். தமிழர் நடத்தும் சில சிறு அலுவலகங்கள் வரி விபரங்களையும் கணக்கேடுகளையும் மட்டுமே செய்கின்றன. அங்கே வேலை கிடைப்பது எளிது. முதல் வாடகையைக் கட்டவும் அது உதவும். ஆனால் ஏப்ரல் 30 வரை இரவு பகலாக வரி விபரம் நிரப்பினாலும் கணக்காய்வு மணித்தியாலம் ஒன்றும் சேராது. நேர்காணலிலேயே, இந்த அலுவலகம் அங்கீகாரம் பெற்றதா, ஆண்டுக்கு எத்தனை கணக்காய்வுகள் நடக்கின்றன, அவற்றில் பயிற்சியாளருக்கு எத்தனை மணித்தியாலங்கள் கிடைக்கும் என்று மரியாதையோடு கேளுங்கள். அப்படிக் கேட்பதை நல்ல அலுவலகம் எதுவும் குறையாக எடுத்துக்கொள்ளாது.

ஊரில் செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகமே, பட்டத்தை மதிப்பிடும் நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும். இங்கிருந்து மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிட, உவர்மலையிலோ பாலையூற்றிலோ இருக்கும் அண்ணனிடமோ அப்பாவிடமோ அதிகாரக் கடிதம் கொடுத்து நேரில் போய்க் கேட்கச் சொல்வது பலன் தரும். பாட விளக்கக் கோவையையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பாடப் பெயரை மட்டும் பார்த்து விலக்குத் தர மாட்டார்கள். திருகோணமலை நகரில் கணக்காய்வு அலுவலகத்தில் பயிற்சி பெற்றிருந்தால், சேவைக் கடிதத்தில் தேதிகளோடு வேலையின் தன்மையும் இருக்க வேண்டும்: நிலாவெளி விடுதியில் ஆண்டிறுதி இருப்பு எண்ணியது, அரிசி ஆலையின் கடன்பட்டோர் மீதிகளை உறுதிப்படுத்தியது, வங்கி இணக்கக் கூற்றுகளைச் சரிபார்த்தது என்று விரிவாக எழுதிக் கேளுங்கள். அந்த மணித்தியாலங்கள் அனுமதிப்பத்திரத்துக்குச் சேராவிட்டாலும், அங்கீகாரம் பெற்ற அலுவலகமொன்றில் முதல் பயிற்சி இடத்தைப் பெறுவதற்கு அந்தக் கடிதம் பெரிதும் உதவும்.