கவினுக்கு வரும் கோபம்

(குடும்ப வாட்ஸ்அப் குழு, புதன் மாலை)

ரேவதி: கவினோட மிஸ் இன்றைக்கும் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பையன் கையைக் கடித்துவிட்டானாம். போன வாரம் ஸ்லேட்டைத் தூக்கி எறிந்தான். வீட்டில் இப்படிச் செய்வதே இல்லை. எல்லாம் ஒண்ணாம் வகுப்பு போனதிலிருந்துதான்.

சுந்தர் மாமா: செல்லம் அதிகம் ரேவதி. ஒரு தடவை நன்றாகப் போட்டால் அடங்கிவிடுவான். நாங்கள் எல்லாம் பிரம்படி வாங்கித்தானே வளர்ந்தோம்.

பிரியா: வேண்டாம் மாமா, சின்னப் பிள்ளை. மல்லிகா சித்தி வரட்டும், அவர்களும் டீச்சர்தானே, அவர்களைக் கேட்கலாம்.

மல்லிகா சித்தி: இப்போதுதான் பள்ளியிலிருந்து வந்தேன். எல்லாம் படித்தேன்.

மல்லிகா சித்தி: அண்ணா, முதலில் உங்களுக்கு. பள்ளியில் அடிப்பதையும், மனம் நோகும்படி அவமானப்படுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். கடித்த பிள்ளையை நாம் அடித்தால், கோபம் வந்தால் கை வைக்கலாம் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற மூளையின் முன்பகுதி முழுசாக வளர இருபது வயதுக்கு மேல் ஆகிறது. ஆறு வயசில் அவனாக அடக்கிக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. சொல்லித் தர வேண்டும், அ ஆ சொல்லித் தருகிற மாதிரி.

ரேவதி: நானும் தினமும் சொல்கிறேன் சித்தி. ‘கோபப்படாதே’ன்னு.

மல்லிகா சித்தி: அதைச் சொல்லாதே ரேவதி. கோபம் வரட்டும், தப்பில்லை. கடிப்பதுதான் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்: ‘உனக்குக் கோபம் வந்தது, சரி. ஆனால் கடிக்கக் கூடாது.’ அப்புறம், கத்திக்கொண்டிருக்கும்போது எந்தப் புத்திமதியும் காதில் ஏறாது. அந்த நேரத்தில் நான் பக்கத்தில் தரையில் உட்காருவேன். பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்துவிடுவேன். குரலைத் தாழ்த்தி ஒரே வாக்கியம், ‘நான் இங்கேதான் இருக்கேன்.’ அவ்வளவுதான். நாம் கத்தினால் அவர்களும் கத்துவார்கள்.

பிரியா: அப்போ எப்போது சொல்லித் தருவது சித்தி?

மல்லிகா சித்தி: எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது. காலையில் வருகைப் பதிவு எடுத்ததும் வட்டமாக உட்கார்ந்து மூச்சு விளையாட்டு. கையில் சூடான பால் டம்ளர் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூக்கால் மணம் பிடித்து, வாயால் மெதுவாக ஊதி ஆற்ற வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும். தினமும் விளையாடினால்தான் சண்டை நேரத்தில் ‘பாலை ஊது’ என்றதும் கை தானாக மேலே வரும். கோபம் வந்த பிறகு புதுசாகச் சொல்லித் தந்தால் ஒட்டாது.

மல்லிகா சித்தி: சுவரில் முகப் படங்கள் ஒட்டியிருக்கிறேன். சந்தோஷம், கோபம், வருத்தம், பயம், ஏமாற்றம், வெட்கம். உள்ளே வரும்போது அவரவர் பெயர்ச் சீட்டைப் பொருத்தமான முகத்துக்குக் கீழே மாட்டுவார்கள். ஒரு பையன் வாரம் முழுக்கக் கோபத்தில்தான் மாட்டினான். பேச்சுக் கொடுத்தால், விளையாட்டில் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லையாம். அவனுக்குத் துக்கம்! சீட்டை எடுத்து வருத்தத்துக்கு மாற்றினான், அப்போதே முகம் தெளிந்துவிட்டது. 2007இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மேன் குழு செய்த ஆய்வில், முகத்தில் தெரிகிற உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்புகிற அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைவதைப் பார்த்தார்கள். அது பெரியவர்களிடம் செய்தது. பிள்ளைகளிடம் அதே மாதிரி நடப்பதை என் வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன்.

சுந்தர் மாமா: சரிம்மா. ஆனால் ஆம்பளைப் பிள்ளை இப்படித் தொட்டதுக்கெல்லாம் அழுதால்?

மல்லிகா சித்தி: அழட்டும் அண்ணா. அழவிடாத பையன்கள்தான் அடிக்கிறார்கள். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

சுந்தர் மாமா: ம்.

ரேவதி: மிஸ் அவனை எல்லார் முன்னாடியும் ‘ஸாரி’ சொல்ல வைத்தார்களாம் சித்தி.

மல்லிகா சித்தி: வாயால் சொல்ல வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இன்னொருத்தியின் படத்தைக் கிழித்துவிட்டாள். பசை டப்பாவைக் கையில் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டினார்கள். கோணலாகத்தான் ஒட்டியது, ஆனால் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கெடுத்ததைச் சரிசெய்யக் கற்றுக்கொடுத்தால் போதும். கவின் அந்தப் பையனுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கட்டும், கையைத் துடைத்துவிடட்டும்.

பிரியா: மூலையில் உட்கார வைப்பார்களே, அது சரியா?

மல்லிகா சித்தி: தண்டனையாக வேண்டாம். ஆனால் ஒரு பாய், கொஞ்சம் களிமண், ஒரு படப் புத்தகம் போட்டு அமைதி மூலை வைக்கலாம். பிள்ளை தானாகப் போக வேண்டும், தானாகத் திரும்பி வர வேண்டும். ‘போய் உட்கார்’ என்று விரட்டினால் அது கெட்டுவிடும்.

மல்லிகா சித்தி: ரேவதி, மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதே. அத்தனை பிள்ளைகளை ஒருத்தராகப் பார்ப்பது லேசில்லை. எந்த நேரத்தில் நடந்தது, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது, இது மட்டும் கேள். பசியா, தூக்கமா, ஏதாவது பொருளைப் பிடுங்கினார்களா என்று அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு முதல் இரண்டு பீரியட் சண்டை நன்றாகக் குறைந்திருக்கிறது.

ரேவதி: இருங்க சித்தி, டைரி பார்க்கிறேன்.

ரேவதி: கடித்தது நாலாவது பீரியட். ஸ்லேட்டும் அதே பீரியட்தான். சாப்பாட்டு மணிக்கு முன்னாடி. வேன் ஏழரைக்கே வந்துவிடும், அரை இட்லியோடு எழுந்துவிடுகிறான்.

மல்லிகா சித்தி: அப்போ முதல் வேலை அதுதான். இடைவேளை டப்பாவில் வேர்க்கடலையோ வாழைப்பழமோ வை. சாப்பிட வைக்கச் சொல்லி மிஸ்ஸுக்கு டைரியில் எழுது. பால் விளையாட்டை நான் ஞாயிற்றுக்கிழமை வந்து அவனோடு ஆடிக் காட்டுகிறேன்.

சுந்தர் மாமா: கடலை மிட்டாய் நான் வாங்கி அனுப்புகிறேன். அவனுக்குப் பிடிக்கும்.